டைல்ஸ் கலவை: பதம், கனம், இன்னும் சில சந்தேகங்கள்

22 வருஷமாக டைல்ஸ் வேலை செய்கிறேன், அதில் முதல் நாலு வருஷம் கலவை குழைத்துக் கொடுக்கிற கையாள்தான். கலவை பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதற்கு நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அண்ணே, ஹாலுக்கு இரண்டுக்கு இரண்டு விட்ரிஃபைடு டைல்ஸ் வாங்கியிருக்கிறோம். தரைக்கு 1:8 கலவை, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு எட்டுப் பங்கு மணல், போதும் என்கிறார் மேஸ்திரி. சரியா?

வேண்டாம் தம்பி. ஒன்றுக்கு ஐந்து போடச் சொல்லுங்கள், மிஞ்சினால் ஆறு. எட்டு போட்டால் இரண்டு மூன்று மூட்டை மிச்சமாகும், ஆனால் நாலு வருஷம் கழித்து ஒரு டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தால் கீழே வெறும் மணல்தான் உதிரும். அதற்காக 1:3 என்று சிமெண்டை அள்ளிக் கொட்டினாலும் தப்புதான், காயும்போது சுருங்கி வெடிப்பு விடும். இன்னொன்று, ஈர மணல் உப்பி நிற்கும், அதே பாண்டுச் சட்டியில் காய்ந்த மணலைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் இதைக் கணக்கில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். மண்வெட்டிக் கணக்கு வேண்டாம், சட்டிக் கணக்கு. எம் சாண்ட் தாராளமாகப் போடலாம், சலித்துப் போடுங்கள்.

தண்ணீர் எவ்வளவு ஊற்றுவது? சிலர் கலவையைத் தளதளவென்று போடுகிறார்கள், சிலர் மண் மாதிரி உலர்வாகப் போடுகிறார்கள்.

இதில்தான் பாதி வேலை கெட்டுப்போகிறது. வீட்டில் புட்டுக்கு மாவு பிசிறுவதைப் பார்த்திருப்பீர்கள். கையில் அள்ளி இறுக்கினால் பிடி நிற்கும், கட்டை விரலால் அழுத்தினால் உடையும், உள்ளங்கை ஈரமாகும், ஆனால் தண்ணீர் சொட்டாது. தரைக் கலவைக்கு அதே பதம்தான். லிட்டர் கணக்குச் சொல்ல முடியாது, மணலில் ஏற்கெனவே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பது நாளுக்கு நாள் மாறும்.

நான் புதிதாகக் கரண்டி பிடித்த சமயம், சீக்கிரம் பரப்பலாம் என்று தண்ணீரைக் கூட்டிவிட்டேன். சாயங்காலம் ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது குமிழி நடுவில் அழகாக நின்றது. காலையில் வந்து காலை வைத்தால் நாலு டைல்ஸ் ஒரு மூலையில் இறங்கி, அடுத்த டைல்ஸின் விளிம்பு பாதத்தில் நெருடுகிறது. ராத்திரி தண்ணீர் வடிந்ததும் கலவை அமுங்கியிருக்கிறது. அந்த நாலையும் பெயர்த்த கூலி என் சம்பளத்தில்தான் போனது, நியாயம்தான்.

குழைத்த கலவையை ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்து இறுகிய கலவையில் தண்ணீர் தெளித்து மறுபடி கிண்டுகிற பழக்கம் இருந்தால் அதை அங்கேயே நிறுத்துங்கள்.

சார், பழைய வீடு. ஒரு மூலையில் கலவை ஒரு அங்குலம்தான் வரும், எதிர் மூலையில் மூன்றரை அங்குலம் வரும்போல. அப்படியே போட்டுவிடலாமா?

கூடாது. ஒரு அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலம், அவ்வளவுதான் நல்ல கனம். இரண்டு வரை சமாளிக்கலாம். முக்கால் அங்குலத்துக்குக் கீழே போனால் தட்டி மட்டம் பார்க்க இடமே இருக்காது. மூன்றரை அங்குலம் வருகிற பக்கம், கனமான இடம் ஒரு மாதிரியும் மெல்லிய இடம் ஒரு மாதிரியும் காய்ந்து அமுங்கும். பள்ளமான பக்கத்தில் முதலில் ஜல்லி காங்கிரீட் போட்டு உயர்த்தி, இரண்டு மூன்று நாள் தண்ணீர் விட்டு, அதன்மேல் கலவைக்குப் போங்கள். டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய குழாய்) நாலு சுவரிலும் குறி எடுத்த பிறகுதான் மணலுக்கே சொல்ல வேண்டும்.

நூறு சதுர அடிக்கு எவ்வளவு சிமெண்ட், மணல் ஆகும்?

ஒன்றரை அங்குலக் கனம் என்றால் 12.5 கன அடி கலவை. உலர்ந்த நிலையில் கிட்டத்தட்ட 16 கன அடி எடுக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் சேர்ந்து கெட்டித்ததும் குறையும். 1:5க்கு மணல் 13 கன அடிக்குக் கொஞ்சம் மேலே, சிமெண்ட் இரண்டு மூட்டையும் கொஞ்சமும். சிமெண்ட் பாலுக்கு (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) இன்னொரு மூட்டை கையில் இருக்கட்டும்.

சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டுவதா, டைல்ஸ் ஒட்டுவதற்கென்றே வருகிற பசைப் பொடி வாங்குவதா? கடைக்காரர் பசைதான் வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

கடைக்காரர் வியாபாரத்துக்காகவும் சொல்வார், ஆனால் இந்த விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதம்கூடத் தண்ணீர் உறிஞ்சாது. உறிஞ்சாத பொருளை சிமெண்ட் பால் எப்படிப் பிடிக்கும்? தரையில் எடை கீழ்நோக்கி இருப்பதால் ஒப்பேறும், சுவரில் ஒப்பேறாது. பட்ஜெட் இடித்தால் தரைக்குப் பால், சுவருக்குப் பசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தரையில் பால் ஊற்றுவதாக இருந்தால், டைல்ஸை முதலில் சும்மா வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டி, தூக்கிப் பாருங்கள். கலவையில் டைல்ஸின் அச்சு பதியாத இடம் பள்ளம், அங்கே கலவை தூவி மறுபடி வைத்துத் தூக்குங்கள். அச்சு முழுதாக விழுந்த பிறகுதான் பால்.

சுவரில் டைல்ஸ் பின்னால் நாலு மூலையிலும் நடுவிலும் ஒரு உருண்டை வைத்து ஒட்டுகிறார்கள். பரவாயில்லையா அண்ணா?

பரவாயில்லை என்று யாராவது சொன்னால், அந்தச் சுவரில் டவல் கம்பி மாட்ட டிரில் போடும்போது அவரைக் கூப்பிடுங்கள். உருண்டைகளுக்கு நடுவே வெற்றிடம், டிரில் பட்டதும் விரிசல். பசையை, விளிம்பில் பல் வெட்டிய பல்லுக் கரண்டியால் கோடு கோடாக இழுத்து ஒட்ட வேண்டும். ஒன்றுக்கு ஒன்றரை அடி சுவர் டைல்ஸுக்கு 6 மி.மீ. பல், அழுத்தியதும் சுமார் 3 மி.மீ. நிற்கும். இரண்டுக்கு இரண்டு என்றால் 10 மி.மீ. பல், டைல்ஸின் முதுகிலும் மெல்லியதாக ஒரு பூச்சு. சுவர் கோணலைப் பசையால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள், அது பூச்சு வேலையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

பசை கலக்கும்போது தண்ணீரை முதலில் ஊற்றி அதில் பொடியைப் போடுங்கள், மாற்றிப் போட்டால் அடியில் கட்டி நிற்கும். கலக்கி ஐந்து நிமிஷம் விட்டு இன்னொரு தடவை கலக்குங்கள். கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் வடை மாவு மாதிரி நிற்க வேண்டும். சுவரில் இழுத்த பசையை விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால் தோல் கட்டிவிட்டது, சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

டைல்ஸை ஊற வைக்கணுமா?

சிமெண்டில் ஒட்டுகிற சாதா செராமிக் என்றால் ஆமாம். விட்ரிஃபைடு என்றால் வீண் வேலை, பின்பக்கத் தூசியைத் துடைத்தால் போதும்.

பாத்ரூமில் தண்ணீர் ஓட வாட்டம் எவ்வளவு விடலாம்?

ஐந்து அடிக்கு முக்கால் அங்குலம். கலவையிலேயே வாட்டம் எடுங்கள், டைல்ஸைச் சாய்த்து எடுக்காதீர்கள். ஒட்டி முடித்த மறுநாள் ஒரு குவளைத் தண்ணீரைக் கதவோரம் ஊற்றிவிட்டு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

வேலை முடிந்துவிட்டது. தட்டினால் சில இடத்தில் டொக்கு டொக்கென்று கேட்கிறது. பீரோவை எப்போது உள்ளே கொண்டுவரலாம் அண்ணா?

பீரோ இருக்கட்டும், முதலில் ஒரு சாக்பீஸ் எடுங்கள். எல்லா டைல்ஸையும் நாணயத்தால் தட்டி, டொக்கென்று கேட்கிற இடத்தில் வட்டம் போடுங்கள், அங்கே அடியில் வெற்றிடம். ஒரு ஓரத்தில் ரூபாய் அளவு என்றால் விட்டுவிடலாம். நடுவிலோ கதவுப் பக்கமோ உள்ளங்கை அளவுக்கு மேல் என்றால் அந்த டைல்ஸைப் பெயர்த்து மாற்றச் சொல்லுங்கள், ஜாயிண்ட் அடைக்கும் முன்பே. மேஸ்திரிக்குப் பாக்கிப் பணம் கொடுப்பதற்கும் முன்பே.

நடக்க இரண்டு நாள், பீரோவுக்கு ஒரு வாரம்.