ஹைப்ரிட் காருக்காக மீண்டும் நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: திருச்சியில் பணிபுரிகிறேன். சம்பளம் கைக்கு 85,000 ரூபாய் வருகிறது. சென்னையில் ஹைப்ரிட் கார் (பெட்ரோல் என்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்) வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணன், "பெட்ரோல் மிச்சம், நீங்களும் வாங்குங்கள் மாப்பிள்ளை" என்று வற்புறுத்துகிறார். ஆன்ரோடு விலை 20 லட்சம். 16 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் 7 வருடக் கடன் கிடைக்கும். மீதி 4 லட்சத்துக்கு மனைவியின் நகையை வைக்கலாம் என்றிருக்கிறேன். 2022-ல் தங்கையின் திருமணத்துக்காக 2 லட்சத்துக்கு வைத்த நகையையும் 10 சதவீத வட்டி கட்டி வருடந்தோறும் திருப்பி வைத்து வருகிறேன். அதே காரின் சாதாரண பெட்ரோல் மாடல், சாலை வரி சேராத ஷோரூம் விலையில் 3 லட்சம் குறைவு. மாதம் 700 கிலோமீட்டர் ஓட்டுவேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். காரைவிட என்னைக் கவலைப்பட வைத்தது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தத் திருப்பி வைக்கும் பழக்கம்தான்.

முதலில் பெட்ரோல் கணக்கு. சோதனையில் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று விளம்பரப்படுத்தப்படும் ஹைப்ரிட் கார்கள் உண்டு. அன்றாட ஓட்டத்தில் 21 என்றும், சாதாரண மாடலுக்கு 14 என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் 700 கிலோமீட்டருக்கு முன்னதற்கு 33 லிட்டர், பின்னதற்கு 50 லிட்டர் ஆகும். மாதம் ஏறக்குறைய 1,700 ரூபாயும், வருடத்துக்கு 20,000 ரூபாயும் மிச்சமாகும். ஆனால், கூடுதல் விலையான 3 லட்சத்தோடு, 10 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்குத் தமிழ்நாட்டில் உள்ள 18 சதவீத சாலை வரியாக 54,000 ரூபாயும் சேர்ந்து, வித்தியாசம் மூன்றரை லட்சமாகிவிடுகிறது. அந்தப் பகுதிக்கான தவணை மட்டுமே மாதம் 5,600 ரூபாய். 1,700 ரூபாயை மிச்சப்படுத்த 5,600 ரூபாய் கட்டுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

உங்கள் மைத்துனர் சொல்வது அவரளவில் உண்மையாக இருக்கலாம். சென்னை நெரிசலில் நின்று நின்று நகரும்போது என்ஜின் அணைந்து மோட்டார் இழுக்கும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பேட்டரியில் மின்சாரம் ஏறும். திருச்சியிலிருந்து மதுரைக்கு நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு அந்த ஆதாயம் வெகுவாகக் குறைந்துவிடும். பேட்டரி பின்பக்கம் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் டிக்கி சுருங்கும் மாடல்களும் உண்டு. பின்னிருக்கையின் கீழே பேட்டரிக்குக் காற்று போகும் துவாரம் இருந்தால், ஊருக்குப் போகும்போது அதன்மேல் பையை வைத்து அடைத்துவிடக் கூடாது. தூசி படிந்தாலும் பேட்டரி சூடாகும். பேட்டரிக்கு 8 வருட உத்தரவாதம் தருகிறார்கள் என்றாலும், உங்கள் கடனே 7 வருடம். கடன் தீர்ந்து கார் உங்களுடையதாகும்போது ஒரு வருட உத்தரவாதமே மிஞ்சும்.

இனி நகைக்கு வருகிறேன். 2 லட்சத்துக்கு வருடம் 20,000 ரூபாய் வட்டி கட்டுகிறீர்கள். அசலில் ஒரு ரூபாயும் குறையவில்லை. ஹைப்ரிட் கார் மிச்சப்படுத்தித் தரும் என்று நீங்கள் நம்பும் அதே 20,000 ரூபாய் இது என்பதைக் கவனியுங்கள். இதோடு இன்னும் 4 லட்சம் சேர்ந்தால் வருட வட்டி 60,000 ஆகும். கார் கடனுக்கு மாதம் 25,750 ரூபாய் போனபின், அடுத்த வருடமும் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பதைத் தவிர உங்களுக்கு வேறு வழியிருக்காது. அவசரத்துக்கு நகையை வைப்பதை நான் ஒருபோதும் குறை சொல்வதில்லை. தங்கையின் திருமணத்துக்கு வைத்ததும் நியாயமே. காருக்கு முன்பணம் கட்ட வைப்பது அப்படியல்ல.

தவணையாகக் கட்டத் துணிந்த அந்த 25,750 ரூபாயை அடுத்த மாதம் முதலே தனியாக எடுத்து வையுங்கள். எட்டு மாதத்தில் 2 லட்சம் தாண்டிவிடும். நகையை மீட்டு மனைவியிடம் கொடுங்கள். பிறகு அதே தொகையைப் பதினாறு மாதம் தொடர் வைப்பில் போட்டால் 4 லட்சத்துக்கு மேல் கையில் நிற்கும். அப்போது 10 லட்சத்துக்குள், நான்கு மீட்டர் நீளத்துக்கும் 1,200 சிசி என்ஜினுக்கும் உட்பட்ட சிறிய பெட்ரோல் காராகப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அவற்றுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். பெரிய கார்களுக்கு 40. சாலை வரியும் 13 சதவீதத்தோடு நின்றுவிடும்.

மைத்துனர் மறுபடி கேட்டால், உங்கள் ஓட்டம் மாதம் 700 கிலோமீட்டர்தான் என்று மட்டும் சொல்லுங்கள்.