சம்பளக் கணக்கில் விழுந்த பணத்தை மேலதிகப் பற்றுக்காக வங்கி எடுத்துக்கொண்டால் என்ன செய்யலாம்?

சம்பளம் விழுந்த அன்றே பழைய மேலதிகப் பற்றுக்கு (கணக்கில் இருந்ததற்கு மேல் எடுத்த கடனுக்கு) என்று வங்கி முழுவதையும் கழித்துவிட்டது, இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் சட்டப்படி சரிதான். வங்கித்தொழில் விடயங்களில், உள்நாட்டுச் சட்டம் வேறாகச் சொல்லாத இடத்தில், இலங்கையில் 1852ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி இங்கிலாந்துச் சட்டமே செல்லும். ஒருவருக்கு ஒரே வங்கியில் இரண்டு கணக்குகள் இருந்தால், ஒன்றிலுள்ள பணத்தால் மற்றதன் கடனை நிரப்பும் உரிமை அதன் வழியே வந்தது. போதாததற்கு, நாம் வாசிக்காமல் கையொப்பமிடும் படிவத்திலும் அது இருக்கும். கருமபீடத்தில் நின்று சண்டை பிடித்துப் பயனில்லை.

கஸ்தூரியார் வீதியில் நடத்திய சிறு கடையை நான் மூடியபோது நடைமுறைக் கணக்கில் கடன் மிஞ்சியிருந்தது. பிறகு கிடைத்த வேலையின் சம்பளம் அதே வங்கிக்கு வந்தது, வந்த வேகத்திலேயே போனது. முகாமையாளர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் யாழ்ப்பாணத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வியையே அவரும் கேட்டார்: "வெளியில ஒருவரும் இல்லையா?" கனடாவிலிருந்து அக்கா அம்மாவின் மருந்துக்கு அனுப்பும் காசும் அதே கணக்கில்தான் விழுகிறது, அதையும் விழுங்கிவிடுவீர்களே என்றேன். சிரித்தார், மறுக்கவில்லை.

ஆகவே முதல் வேலை, சம்பளத்தையும் வெளிநாட்டுக் காசையும் வேறு வங்கிக்கு மாற்றுவது. வங்கி தன் கையில் உள்ள பணத்தைத்தான் இப்படி எடுக்கலாம். இன்னொரு வங்கியில் கிடக்கும் உங்கள் சம்பளத்தில் கைவைக்க அது நீதிமன்றம் போகவேண்டும். இதில் ஒரு முடிச்சு உண்டு. கடன் எடுத்தபோது, "சம்பளத்தை இந்த வங்கிக்கே அனுப்புவோம்" என்று உங்கள் நிறுவனம் கடிதம் கொடுத்திருந்தால், வங்கியின் சம்மதம் இல்லாமல் கணக்காளர் கணக்கை மாற்றமாட்டார். அந்தக் கடிதம் உண்டா என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.

மாற்றிய கையோடு வங்கிக்கு எழுதுங்கள். ஒளிந்துகொள்வதற்காக மாற்றவில்லை என்பது அதில் தெரியவேண்டும். வாடகை, சாப்பாடு, பிள்ளைகளின் செலவு போக மாதம் எவ்வளவு கட்டமுடியும் என்று தொகையைச் சொல்லி, மேலதிகப் பற்றைத் தவணைக் கடனாக மாற்றும்படியும் தண்டவட்டியைத் தள்ளும்படியும் கேளுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். எனக்குத் தவணை கிடைத்தது, வட்டியில் ஒரு சதமும் குறையவில்லை.

சண்டை பிடிக்கவேண்டிய இடம் வேறு. மனைவியுடன் சேர்ந்த கூட்டுக் கணக்கிலிருந்து உங்கள் தனிக் கடனுக்கு எடுத்தார்களா? இன்னும் தவணை வராத கடனுக்குக் கழித்தார்களா? ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிராவிட்டால் இவை பொதுவிதிக்கு மாறானவை. முதலில் வங்கிக்கே எழுத்தில் முறையிடுங்கள். சரிவராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்திடம் போகலாம், தொலைபேசி இலக்கம் 1935.

கட்டி முடித்ததும் கடன் தீர்ந்ததற்கான கடிதத்தை வாங்கி, நடைமுறைக் கணக்கையும் மூடிவிடுங்கள். மீதி பூச்சியம் என்று திறந்தே விட்டால் மாதக் கட்டணங்கள் சேர்ந்து மறுபடி பற்றாகிவிடும். சில மாதம் கழித்து கிறிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையை எடுத்து, அந்தக் கடன் தீர்ந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.