புலம்பெயர்ந்து போன இடத்தில் தொழில் தொடங்கி ஜெயித்த குடும்பங்களில் உங்களை அதிகம் ஆச்சரியப்படுத்தியது எது?

என்னைக் கேட்டால் ஜக்கூஸி குடும்பம். ஆமாம், நட்சத்திர ஓட்டல் படங்களில் நுரை பொங்குமே, அந்தக் குளியல் தொட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள்தான். ஆனால் தொட்டி அவர்கள் கதையில் கடைசி அத்தியாயம்.

இத்தாலியின் வடகிழக்கில் ஃப்ரியூலி பகுதி, வால்வசோனே வட்டாரத்துக் குடும்பம். ஜொவான்னி, தெரேசா தம்பதிக்கு 13 பிள்ளைகள். அதில் ஆண்கள் ஏழு பேர். 1907-ல் இரண்டு பேர் முதலில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள், அப்புறம் ஒருவர் பின் ஒருவராக மற்றவர்கள். 1915-ல் கலிஃபோர்னியாவில் பெர்க்லி நகரில் 'ஜக்கூஸி பிரதர்ஸ்' உருவானது. என்ன செய்தார்கள் தெரியுமா? விமானத்துக்கு மரத்தில் புரொப்பெல்லர், அதாவது முன்னால் சுழலும் விசிறி! ரக்கேலே என்ற சகோதரர்தான் மூளை. பலகைகளை அடுக்கி ஒட்டி, மெலிதாகச் செதுக்கிய அதற்கு 'டூத்பிக்' என்று பெயர். முதல் உலகப்போர் காலத்தில் ராணுவமே வாங்கியது.

அதோடு நிற்காமல், பயணிகள் உள்ளே உட்காரும்படி மூடிய அறை வைத்த விமானத்தையும் கட்டினார்கள். 1921 ஜூலையில் அது யோசெமிட்டி பள்ளத்தாக்கிலிருந்து திரும்பும் வழியில் மொடெஸ்டோ அருகே விழுந்து நொறுங்கியது. இறந்த நான்கு பேரில் ஒருவர் சகோதரர்களில் ஒருவரான ஜொகோந்தோ.

இனி விமானமே வேண்டாம் என்று பெற்றோர் சொல்லிவிட, பிள்ளைகளும் விட்டுவிட்டார்கள். வெற்றிக்கதை எழுதுபவர்களுக்கு 'விழுந்தாலும் விடாமல் போராடினார்கள்' என்று எழுதத்தான் ஆசை. இங்கே நடந்தது நேர் எதிர். பெரியவர்கள் பேச்சைக் கேட்டு மூட்டை கட்டியதால்தான் பிழைத்தார்கள் என்பது என் கணக்கு. பணத்தைத் தின்னும் தொழில் விமானம். இவர்களிடம் இருந்ததோ கை வேலையும் ஆள் பலமும் மட்டும்தான்.

சரி, அடுத்து என்ன? காற்றைத் தள்ளத் தெரிந்தவர்கள் தண்ணீரைத் தள்ளப் போனார்கள். 1920களில் ரக்கேலே ஆழக்கிணறுகளுக்கு ஒரு ஜெட் பம்ப் வடிவமைத்தார். கோவையில் எங்கள் குடும்பத்துக்கு மோட்டார் கடை இருப்பதால் எனக்கு இந்தப் பகுதிதான் உயிர். மேலே உட்கார்ந்திருக்கும் சாதாரண பம்ப் என்ன முக்கினாலும் சுமார் 25 அடிக்குக் கீழே உள்ள தண்ணீரை உறிஞ்சாது. ஜெட் பம்பில் கிணற்றுக்குள் இரண்டு குழாய் இறங்கும். மேலே வந்த தண்ணீரில் ஒரு பங்கு ஒரு குழாய் வழியாகத் திரும்பக் கீழே போகும். அடியில் நாசில் என்ற குறுகலான வாயில் அது வேகமாகப் பீய்ச்சும்போது அந்த இடத்தில் அழுத்தம் குறையும். கிணற்றுத் தண்ணீர் உள்ளே இழுபட்டு, இரண்டும் சேர்ந்து இன்னொரு குழாயில் மேலேறும். சுற்றுகிற பாகம் எதுவும் கிணற்றுக்குள் கிடையாது. (தண்ணீர் திரும்ப இறங்காமல் குழாய் அடியில் தடுக்கும் ஃபுட் வால்வு போனால் மட்டும் மொத்தக் குழாயையும் வெளியே தூக்க வேண்டும், அது தனி வேதனை.) கலிஃபோர்னியாவில் பண்ணைகளுக்குப் பஞ்சமா? குடும்பத்துக்குச் சோறு போட்டது இந்தப் பம்புதான்.

தொட்டிக் கதை 1940களில் வருகிறது. கடைசித் தம்பி காந்திதோவின் மகன் கென், சின்ன வயதிலேயே முடக்குவாதம் என்ற மூட்டு நோயில் அவதிப்பட்டான். மருத்துவமனையில் கொடுத்த நீர் சிகிச்சை இதமாக இருந்தது, ஆனால் தினமும் அங்கே போக முடியாதே. பம்ப் கம்பெனி வீட்டுப் பிள்ளை அல்லவா, வீட்டுக் குளியல் தொட்டிக்குள் வைக்கிற மாதிரி ஒரு சின்னப் பம்ப் தயாரானது. 1950களில் அதையே விற்பனைக்கும் கொண்டுவந்தார்கள். 1968-ல் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த ராய், பம்பைத் தொட்டியோடே சேர்த்துக் கட்டிவிட்டார். நோயாளிக்கான சாமான் பணக்கார வீட்டுச் சாமான் ஆனது அப்போதுதான்.

ஆள் பலம் பெருகப் பெருக அதுவே தலைவலியும் ஆனது. பங்கு வைத்திருக்கும் உறவினர்கள் பெருகினார்கள், சண்டை கோர்ட் வரை போனது. 1979-ல் கம்பெனியை வெளியாருக்கு விற்றுவிட்டார்கள். எங்கள் கடையில் இப்போதே பங்காளிகள் நான்கு பேர். அதனால் இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வீட்டில் நான் வாயைத் திறந்து சொல்வதில்லை.