1 அனுப்பினால் 16777216 வருகிறது: கவுன்டர் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: அண்ணா, ரவுட்டரில் நான் எழுதிய சின்ன சி புரோகிராம் பாக்கெட் கணக்கை யூடிபியில் (நெட்வொர்க்கில் தகவல் அனுப்பும் ஒரு முறை) என் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. அங்கே 1 என்றால் இங்கே 16777216. ரவுட்டர் போச்சா?

ரவுட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. 256 × 256 × 256 போட்டுப் பாருங்கள், அதே 16777216 வரும். அந்த எண்ணின் நான்கு பைட்டும் தலைகீழாகப் போயிருக்கின்றன, கடைசிப் பைட்டில் இருந்த 1 முதல் பைட்டுக்கு வந்துவிட்டது. உங்கள் ரவுட்டரில் இருப்பது மிப்ஸ் சிப்பாக இருக்கலாம். அவற்றில் பல, பெரிய மதிப்புள்ள பைட்டை முன்னால் வைப்பவை. கம்ப்யூட்டர்களில் வரும் இன்டெல் சிப் சின்னதை முன்னால் வைக்கும். வேலந்தாவளம் எல்லை தாண்டி தமிழ்நாட்டுக்கு வந்தால் இனிஷியல் பெயருக்கு முன்னால், உங்கள் கேரளப் பக்கம் பெரும்பாலும் பின்னால். ஆள் ஒருவர்தான், ஆனால் ஆபீசில் நம்மை என்ன பாடு படுத்துகிறார்கள்!

பைட் வரிசையைச் சரிசெய்ய சியிலேயே இரண்டு ஃபங்ஷன் உண்டு: அனுப்பும்போது எச்டிஓஎன்எல் (htonl), வாங்கும்போது என்டிஓஎச்எல் (ntohl). இரண்டு பக்கமும் போட வேண்டும். அப்புறம் 0 அனுப்பிச் சோதிக்காதீர்கள், அதை எப்படிப் புரட்டினாலும் 0தான். 1000 அனுப்புங்கள். இன்னும் தப்பென்றால் 3892510720 வரும்.

செங்கோட்டையிலிருந்து: எஸ்என்எம்பி (ரவுட்டரிடம் கணக்குக் கேட்டு வாங்கும் முறை) கிராஃப் 114 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. லைன் 1 ஜிபிபிஎஸ். எனக்கும் பைட் வரிசைக் கோளாறா சார்?

இல்லை. எஸ்என்எம்பி தன் எண்களை எந்தச் சிப்பிலும் ஒரே வரிசையில்தான் அனுப்பும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கவுன்டரைப் படிக்கிறீர்கள், சரியா? 32 பிட் கவுன்டர் 4294967296 பைட்டில் மறுபடி 0 ஆகிவிடும். 1 ஜிபிபிஎஸ் முழுதாக ஓடினால் அதற்கு 34 விநாடி போதும். ஐந்து நிமிடத்தில் எட்டு முறை சுற்றியிருக்கும், உங்கள் மென்பொருளுக்கு அதிகபட்சம் ஒரு சுற்றுதான் புரியும். அந்த 4294967296 பைட்டை 300 விநாடிக்கு வகுத்து பிட்டாக்கினால் 114.5 எம்பிபிஎஸ். உங்கள் கிராஃப் முட்டி நிற்கும் கூரை அதுதான். இஃப்எச்சிஇன்ஆக்டெட்ஸ் (ifHCInOctets) என்ற 64 பிட் கவுன்டருக்கு மாறுங்கள். எஸ்என்எம்பி பதிப்பு 1 அதைத் தராது, பதிப்பு 2சியாவது வேண்டும்.

நகரியிலிருந்து: 32 பிட் பழைய பிசியிலிருந்து 64 பிட் சர்வருக்கு ஸ்ட்ரக்டை (பல எண்களைச் சேர்த்துக் கட்டிய சி மூட்டை) அப்படியே அனுப்புகிறேன். முதல் எண் சரி, மற்றதெல்லாம் குப்பை.

ஸ்ட்ரக்டை அப்படியே அனுப்பவே கூடாது. லினக்ஸில் லாங் என்ற எண் வகை பழைய பிசியில் 4 பைட், சர்வரில் 8. அதைச் சரிசெய்தாலும், 64 பிட் எண்ணுக்கு முன்னால் சர்வர் 4 பைட் காலி இடம் விடலாம், பழைய பிசி விடாது. எத்தனை பிட் என்று பெயரிலேயே சொல்லும் எண் வகைகளில், ஒவ்வொரு எண்ணாக எழுதி அனுப்புங்கள்.

குமுளியிலிருந்து: என் கிராஃபை விட ஸ்பீடு டெஸ்ட் சரியாக 8 மடங்கு காட்டுகிறது.

கிராஃப் பைட்டில், டெஸ்ட் பிட்டில். ஒரு பைட்டுக்கு 8 பிட், அதனால் கிராஃப் எண்ணை எட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.