சீட்டு, பந்தயம், போன் ரம்மி: எது குற்றம், என்ன தண்டனை? (கேள்வி பதில்)

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்ற வழக்குகள் நடத்தும் வக்கீல் நான். தீபாவளியும் பொங்கலும் முடிந்த மறு வாரம் சீட்டாட்ட வழக்கு வராமல் இருக்காது. அதையொட்டி வந்த கேள்விகளுக்குத் தமிழ்நாட்டில் உள்ள சட்டத்தை வைத்துப் பதில் சொல்கிறேன். பக்கத்து மாநிலத்தில் இது வேறு மாதிரி இருக்கலாம்.

கேள்வி: ஐயா, தீபாவளிக்கு அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாரும் வீட்டு மாடியில் பத்து ரூபாய் வைத்து ரம்மி ஆடுவோம். போலீஸ் வந்தால் கேஸா? (ஈரோடு)

பதில்: நீங்கள் சொன்னபடி மட்டும் நடந்தால் கேஸ் நிற்காது. நம் ஊரில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம். அது தேடுவது 'பொதுச் சூதாட்ட இல்லம்'. வீடு, அறை, கூடாரம், வண்டி, படகு எதுவாகவும் இருக்கலாம். அந்த இடத்தையோ சீட்டுக்கட்டையோ கொடுத்தவர் அதில் லாபம் பார்க்கிறாரா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இவ்வளவு என்று உங்கள் அண்ணன் எடுத்து வைக்க ஆரம்பித்தால் அதே மாடி சூதாட்ட இல்லமாகிவிடும். ஜெயித்த பணம் ஆடியவர்களுக்குள்ளேயே சுற்றினால் அப்படி ஆகாது.

ரம்மிக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. திறமையை மட்டும் நம்பிய ஆட்டங்களை அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு விலக்கி வைக்கிறது. செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் 1967-ல் உச்ச நீதிமன்றம், விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதை வைத்துக்கொண்டு எதைக் கழிப்பது என்பதும் திறமை என்று சொல்லி, ரம்மியைப் பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. அதே தீர்ப்பு, கிளப்காரர் அதில் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் சொல்லியிருக்கிறது. கிளப் நடத்துகிறவர்கள் பலர் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: அப்போ மூணு சீட்டு, மங்காத்தா?

பதில்: இரண்டும் அதிர்ஷ்டம்தான். ரம்மிக்குள்ள சலுகை கிடையாது.

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 22 வயது. தோட்டத்து மோட்டார் ரூம் திண்ணையில் சீட்டாடினார்கள் என்று ஐந்து பேரைப் பிடித்தார்கள். "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போங்க, அதோட முடிஞ்சுது" என்றார்கள். கட்டிவிட்டோம். இப்போது போலீஸ் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறான். இதை எழுத வேண்டுமா? (விருதுநகர் மாவட்டம்)

பதில்: அம்மா, எழுத வேண்டும். மறைக்கவே கூடாது. இந்தக் கேள்வியைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் இப்படி யாராவது ஒரு அம்மா கேட்கிறார்.

ஃபைன் கட்டியது டிராஃபிக் சலான் கட்டியது போல இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டதாக மாஜிஸ்திரேட் பதிவு செய்து தண்டித்தால், தொகை நூறு ரூபாயாக இருந்தாலும் அது தண்டனைத் தீர்ப்புதான். சீருடைப் பணிக்கு முன்நடத்தை விசாரணை உண்டு. அதில் அது தெரிந்துவிடும். எழுதாமல் விட்டால் 'தகவலை மறைத்தார்' என்பதே தனிக் காரணமாகி வேலை போய்விடும். சின்ன வழக்கை உண்மையாக எழுதியவரையும் மறைத்தவரையும் எப்படிப் பார்க்க வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொல்லியிருக்கிறது.

உடனே அந்த வழக்கின் எஃப்.ஐ.ஆர்., மகஜர் (சம்பவ இடத்தில் கைப்பற்றியதைப் போலீஸ் எழுதும் பத்திரம்), தீர்ப்பு மூன்றுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். மகஜர் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும்: '52 சீட்டுகள், ரொக்கம் இவ்வளவு, விரித்திருந்த டார்ப்பாய் ஒன்று'. நீங்கள் பார்க்க வேண்டியது இடத்தை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதை. பொதுத் தெருவில் ஆடினால் அதே 1930 சட்டத்தின் 12-ஆம் பிரிவு. சொந்தத் தோட்டத்து மோட்டார் ரூம் தெரு ஆகுமா? சூதாட்ட இல்லம் என்றிருந்தால், 5-ஆம் பிரிவின்படி வாரன்ட் வாங்கித்தான் சோதனை போட்டார்களா? அப்படிப் போட்ட சோதனையில் சீட்டுக்கட்டு சிக்கினால்தான், 'இது சூதாட்ட இல்லம், இவர்கள் ஆடத்தான் வந்தார்கள்' என்ற அனுமானம் 6-ஆம் பிரிவில் போலீஸுக்குக் கிடைக்கும். அனுமானம் இல்லாவிட்டால், யார் லாபம் எடுத்தார் என்பதை அவர்கள் நிரூபித்தாக வேண்டும்.

ஒப்புக்கொண்ட வழக்கில் மேல்முறையீட்டுக்கு அநேகமாக வழியில்லை. தீர்ப்பு சட்டப்படி சரிதானா என்று மேல் கோர்ட்டைப் பார்க்கச் சொல்லும் சீராய்வு மனு போடலாம். 90 நாள் கெடு. தாண்டியிருந்தால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மனுவும் சேர்த்துப் போட வேண்டும். நாளைத் தள்ளாதீர்கள்.

கேள்வி: சார், போனில் காசு கட்டி ரம்மி ஆடினால்? ரம்மிதான் திறமை ஆட்டம் ஆயிற்றே.

பதில்: போனுக்குச் சட்டம் வேறு. இணையச் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆடுபவருக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் ஓராண்டு அல்லது 5 லட்சம். நடத்துபவருக்கு 3 ஆண்டு அல்லது 10 லட்சம். மூன்றிலும் இரண்டையும் சேர்த்தே விதிக்கலாம். அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்ததை மட்டும் ரத்து செய்தது.

பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டிக் காசு எதிர்பார்க்கும் இணைய ஆட்டம் எதையும் அது தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரத்துக்கு 2 ஆண்டு, 50 லட்சம். ஆடி ஏமாந்தவரைத் தண்டிப்பது அந்தச் சட்டத்தின் நோக்கமில்லை. கடனில் முங்கிய பையனை இன்னும் ஒரு முறை மிதிக்காமல் ஆட்டத்தை நடத்துகிறவனைப் பிடிக்கிற இந்த அணுகுமுறை சரி என்றே நினைக்கிறேன்.

கேள்வி: அண்ணா, கிரிக்கெட் பந்தயப் பணம் போட்டெடுக்க என் பேங்க் அக்கவுன்ட்டையும் ஏடிஎம் கார்டையும் நண்பன் கேட்கிறான். மாதம் 5,000 தருவானாம். (கோவை, கல்லூரி மாணவர்)

பதில்: கொடுக்காதே தம்பி. கொடுத்திருந்தால் இன்றே கார்டை பிளாக் செய். போலீஸ் முதலில் பணம் போன பாதையைத்தான் பார்க்கும். அதில் இருப்பது உன் பெயர். அக்கவுன்ட்டை முடக்கிவிடுவார்கள், உன் சொந்தப் பணமும் அதில் மாட்டும். அதைவிடப் பெரிய ஆபத்து, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-ஆம் பிரிவு. கும்பலில் ஒருவராக இருந்து அனுமதியற்ற பந்தயமோ சூதாட்டமோ நடத்துவதை 'சிறு திட்டமிட்ட குற்றம்' என்கிறது. குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. திண்ணைச் சீட்டாட்டத்துக்கு எழுதிய பிரிவில்லை இது. நீ போக நினைக்கிற மாதிரியான கூட்டத்துக்கு எழுதியது.

கேள்வி: சீட்டில் தோற்ற 80,000-க்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது.

பதில்: பந்தய ஒப்பந்தம் செல்லாது, ஜெயித்த பணத்துக்கு வழக்குப் போட முடியாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு. ஆனால் புரோநோட்டில் 'கைமாற்றாக ரொக்கம் பெற்றேன்' என்றுதானே எழுதியிருப்பீர்கள்? பணம் கைமாறியது என்றுதான் கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். சீட்டுக்கடன் என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. அன்று கூட இருந்தவர்கள், வாட்ஸ்அப்பில் வந்த மெசேஜ்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நோட்டீஸுக்குப் பதில் அனுப்பாமல் விடாதீர்கள்.

கேள்வி: பாலக்காடு போய் கேரளா லாட்டரி வாங்கலாமா?

பதில்: அங்கே அது அரசு லாட்டரி, அங்கேயே வாங்கலாம். இங்கே 2003 ஜனவரி முதல் தடை. கொண்டுவந்து விற்றால் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. டீக்கடையில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் மூணு நம்பர் எந்த அரசின் லாட்டரியும் இல்லை. அதன் பக்கமே போகாதீர்கள்.