பி.எம்.பி. தேர்வு: கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில்

ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் செய்பவர்களுக்கான பி.எம்.பி. சான்றிதழை வாங்கி இரண்டு தடவை புதுப்பித்தும் ஆகிவிட்டது. அதிலிருந்து ஆளுக்கொரு சந்தேகத்தோடு வருகிறீர்கள், பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்தான். எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

கேள்வி: அக்கா, நான் வெறும் டீம் லீட். ப்ராஜெக்ட் மேனேஜர் என்ற பதவியில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. சான்றிதழைத் தரும் அமைப்பான பி.எம்.ஐ. பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை, வேலையை நீங்கள் நடத்தினீர்களா என்றுதான் பார்க்கிறது. நான்கு வருடப் பட்டமோ அதற்கு இணையான படிப்போ இருந்தால், கடந்த 8 ஆண்டுகளுக்குள் 36 மாத அனுபவம் வேண்டும். பள்ளிப் படிப்போடு நின்றவர்களுக்கு அது 60 மாதம். இரண்டு பேருக்குமே 35 மணி நேரப் பயிற்சியும் தேவை, விண்ணப்பிப்பதற்கு முன்பே அது முடிந்திருக்க வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு ப்ராஜெக்ட் பார்த்தேன், அந்த ஆறு மாதத்தைப் பன்னிரண்டாக எண்ணிக்கொள்ளலாமா என்று ஒரு தம்பி கேட்டார். கூடாது, ஒரு மாதம் என்றால் ஒரு மாதம்தான்.

கேள்வி: அனுபவத்தை எப்படி எழுதுவது? நாலு வரிக்கு மேல் எனக்கு வரவில்லை.

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான், தேர்வுக்கே இன்னும் போகவில்லை பாருங்கள். "டீமோடு சேர்ந்து மென்பொருளை உருவாக்கினோம்" என்று எழுதினால் அதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? பழைய மென்பொருளிலிருந்து வாடிக்கையாளர் விவரங்களைப் புதியதற்கு மாற்றிய வேலை என்று வையுங்கள். எதற்காக மாற்றினார்கள், எத்தனை பேர் உங்களோடு இருந்தார்கள், கால அட்டவணையை யார் போட்டது, விவரங்கள் தொலைந்துபோகும் ஆபத்துக்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள், பாதியில் ஒருவர் விலகியபோது எப்படிச் சமாளித்தீர்கள், கடைசியில் எப்படி ஒப்படைத்தீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். "நாங்கள்" வருகிற இடத்திலெல்லாம் "நான்" என்று மாற்றிப் படித்துப் பாருங்கள், பொய்யாகத் தெரிகிற வரியை எடுத்துவிடுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் அனுபவம். அடக்கமாக எழுதுவது நல்ல பழக்கம்தான், ஆனால் இந்தப் படிவத்தில் அதற்கு இடமில்லை.

கேள்வி: விண்ணப்பத்தில் எழுதியது உண்மையா என்று சரிபார்க்கும் ஆடிட் வந்தால் என்ன செய்வது?

பயப்பட வேண்டாம், யாருக்கு வரும் என்பது குலுக்கல் மாதிரிதான். பட்டச் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ், நீங்கள் எழுதிய அனுபவம் உண்மைதான் என்று அந்த வேலையை அறிந்தவர் ஒப்புக்கொள்ளும் கையெழுத்து, இவ்வளவுதான் கேட்பார்கள். அனுப்ப 90 நாள் தருவார்கள். எனக்கு ஆடிட் வந்தபோது நான் பெயர் கொடுத்திருந்த பழைய மேலாளர் வேலை மாறி, நாடும் மாறியிருந்தார். அவரைப் பிடிப்பதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. ஆகவே பெயர் கொடுக்கும் முன்பே ஒரு போன் போட்டு, "உங்களைக் குறிப்பிடப் போகிறேன்" என்று சொல்லிவையுங்கள்.

கேள்வி: மேடம், பி.எம்.ஐ.யின் வழிகாட்டிப் புத்தகமான பி.எம்.பாக் ஆறாம் பதிப்பின் 49 செயல்முறைகளையும் மனப்பாடம் செய்துவிட்டேன். மாக் டெஸ்டில் பாதிகூடத் தேறவில்லை. எங்கே தப்பு?

நானும் அப்படித்தான் படித்தேன், முதல் தடவை ஃபெயில். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2021 ஜனவரியில் வந்த தேர்வுத் திட்டத்தில் மக்கள் 42%, செயல்முறை 50%, வணிகச் சூழல் 8%. கேள்விகளில் சுமார் பாதி அஜைல் (வேலையைச் சின்னச் சின்னச் சுற்றுகளாகச் செய்யும் முறை) அல்லது அதைப் பழைய முறையோடு கலந்த கலப்பு முறையைச் சேர்ந்தவை. இந்தச் செயல்முறைக்கு உள்ளீடு எது என்று நேரடியாகக் கேட்பது அபூர்வம். ஒரு நிலைமையைச் சொல்லி, அடுத்து என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்பார்கள். உதாரணத்துக்கு, ஸ்ப்ரின்ட் என்கிற ஒரு சுற்று வேலை பாதியில் ஓடிக்கொண்டிருக்கும்போது வாடிக்கையாளர் நேராக ஒரு டெவலப்பரிடம் போய்ப் புதிதாக ஒரு வசதி கேட்கிறார், டெவலப்பரும் தலையாட்டிவிடுகிறார். மேலதிகாரியிடம் புகார் செய்வதா, டெவலப்பரைக் கண்டிப்பதா, போனால் போகட்டும் என்று விடுவதா, வாடிக்கையாளரிடமும், எது முதலில் என்று முடிவு செய்கிற ப்ராடக்ட் ஓனரிடமும் பேசி அதை பேக்லாகில், அதாவது செய்ய வேண்டிய வேலைப் பட்டியலில், சேர்க்க வைப்பதா?

நான் வேலை பார்த்த இடத்தில் எதற்கெடுத்தாலும் மேலே சொல்வதுதான் வழக்கம். அந்தப் பழக்கத்தில் தேர்விலும் "ஸ்பான்சரிடம் (ப்ராஜெக்டுக்குப் பணமும் ஆதரவும் தருகிற மேலிடம்) தெரிவிக்க வேண்டும்" என்பதையே தேடித் தேடித் தேர்ந்தெடுத்தேன். தேர்வு எதிர்பார்ப்பது வேறு. முதலில் என்ன நடந்தது என்று புரிந்துகொள், சம்பந்தப்பட்டவரிடம் நேரே பேசு, பாதிப்பை எடைபோடு, உன் அதிகாரத்துக்கு மீறியதென்றால் மட்டும் மேலே கொண்டுபோ. இது பிடிபட்ட பிறகு தப்பான விடைகள் இரண்டு தானாகவே விழுந்துவிடும். மிச்சம் இரண்டில்தான் சண்டை, அதற்குக் கேள்வியைத் திரும்பப் படிக்க வேண்டும். "முதலில்" என்று கேட்கிறார்களா, "இதை எப்படித் தவிர்த்திருக்கலாம்" என்று கேட்கிறார்களா என்பதிலேயே விடை மாறிவிடும்.

மாக் டெஸ்டில் தப்பாகப் போன கேள்விகளோடு, குருட்டாம்போக்கில் சரியாகப் போனவற்றையும் உட்கார்ந்து பாருங்கள். புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் படிப்பதைவிட எனக்கு உதவியது அதுதான்.

கேள்வி: கணக்கு எவ்வளவு வரும்? எனக்குக் கணக்கு என்றாலே அலர்ஜி.

கொஞ்சம்தான். மொத்த பட்ஜெட் 100, இன்றைக்குள் 50 அளவுக்கு வேலை முடிந்திருக்க வேண்டும், முடிந்தது 40, செலவு 50 என்று வையுங்கள். முடிந்த வேலையைச் செலவால் வகுத்தால் செலவு நிலையைக் காட்டும் சி.பி.ஐ. 0.8, திட்டத்தால் வகுத்தால் கால அட்டவணை நிலையைக் காட்டும் எஸ்.பி.ஐ. 0.8. ஒன்றுக்குக் கீழே போனால் நிலைமை சரியில்லை. இப்படியே போனால் மொத்தச் செலவு 100-ஐ 0.8-ஆல் வகுத்து 125. சூத்திரத்தைவிட அந்த 0.8 என்ன சொல்கிறது என்பது புரிந்தால் போதும்.

கேள்வி: நேரம் போதுமா?

போதும். அந்த 2021 திட்டப்படி 180 கேள்வி, 230 நிமிடம், கேள்விக்குச் சுமார் 77 விநாடி. 60 கேள்விக்கு ஒரு முறை 10 நிமிட இடைவேளை உண்டு. இடைவேளைக்குப் போனால் முந்தைய பகுதிக்குத் திரும்ப முடியாது, குறித்து வைத்ததையெல்லாம் அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்தா, தேர்வு மையத்திலா?

என் ஓட்டு மையத்துக்கு. வீட்டில் இணையம் துண்டானாலோ அறைக்குள் யாராவது நுழைந்தாலோ அந்தப் பதற்றமே ஆளைக் கவிழ்த்துவிடும்.

கேள்வி: "அசல் கேள்விகள்" என்று ஒரு கோப்பு விற்கிறார்கள், வாங்கலாமா?

வேண்டாம். விண்ணப்பிக்கும்போதே நன்னெறி விதிகளுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள், பிடிபட்டால் சான்றிதழே போகும். அதுவும் போக, அந்தக் கோப்புகளில் நான் பார்த்தவரை விடைகளே பாதி தப்பு.

கேள்வி: எனக்கு அனுபவமே இல்லை, இப்போதுதான் படிப்பு முடிந்தது.

அப்போது பி.எம்.ஐ.யின் ஆரம்பநிலைச் சான்றிதழான சி.ஏ.பி.எம். எழுதுங்கள், அதற்கு அனுபவம் கேட்பதில்லை, 23 மணி நேரப் பயிற்சி போதும். பிற்பாடு பி.எம்.பி.க்கு விண்ணப்பிக்கும்போது 35 மணி நேரப் பயிற்சிக்குப் பதிலாகவும் அதைக் காட்டலாம்.

கேள்வி: வாங்கிய பிறகு ஆயுள் முழுக்கச் செல்லுமா?

இல்லை. மூன்று வருடத்துக்கு ஒரு முறை 60 பி.டி.யு. (தொடர்ந்து படிப்பதற்கும் தொழிலுக்குப் பங்களிப்பதற்கும் கிடைக்கும் புள்ளிகள்) சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும், அதில் குறைந்தது 35 படிப்பிலிருந்து வர வேண்டும். கடைசி மாதத்தில் அள்ளிக்கொள்ளலாம் என்று விட்டால் தூக்கம் போகும், அனுபவித்தவள் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, ஒரு தடவை ஃபெயில் ஆகிவிட்டேன். அது சான்றிதழில் தெரியுமா?

விண்ணப்பம் ஏற்கப்பட்டதிலிருந்து ஒரு வருடத்துக்குள் மூன்று முறை எழுதலாம், இன்னும் இரண்டு கையில் இருக்கிறது. மதிப்பெண் அறிக்கையில் எந்தப் பகுதி இலக்குக்குக் கீழே என்று போட்டிருக்கும், அங்கிருந்து ஆரம்பியுங்கள். சான்றிதழில் எத்தனாவது தடவை என்றெல்லாம் போட மாட்டார்கள். என்னுடையதிலும் இல்லை.