கோழி அடையும் கம்பைக் கழற்றி எடுக்கும்படி அமையுங்கள்

கொல்லையில் பன்னிரண்டு நாட்டுக்கோழிகளுக்குக் கூடு கட்டுவதாகவும், இரவில் அவை ஏறி அடையும் கம்புகளை எப்படி அமைப்பது, எப்படிச் சுத்தம் செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். என்னிடமும் ஏறக்குறைய அத்தனை சிறுவிடைக் கோழிகள் இருக்கின்றன. முதல் கூட்டில் நான் மூங்கில் கழிகளை ஆணியடித்துச் சுவரோடு இறுக்கிவிட்டேன். பிறகு பட்ட பாடெல்லாம் அந்த ஆணிகளால் வந்ததுதான்.

அந்தப் பங்குனியில், பொழுது சாய்ந்த பிறகும் கோழிகள் கூட்டுக்குள் போகாமல் வாசலிலேயே நின்றன. நான்கைந்து முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டன. கொண்டை வெளுத்தது, முட்டையும் குறைந்தது. பகலில் பிடித்து இறகை விலக்கிப் பார்த்தபோது ஒன்றும் தென்படவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான், "ராத்திரி எட்டு மணிக்கு மேல வெள்ளைத் துணியால கம்புக்கு அடியில தடவிப் பாருப்பா" என்றார். தடவியதும் துணியில் சிவப்பாக இரத்தக் கோடுகள் இழுபட்டன. கோழிச் செள்ளு பகல் முழுவதும் மூங்கிலின் வெடிப்பிலும் ஆணியடித்த மூட்டிலும் ஒளிந்திருந்து, இரவில் மட்டும் வெளியே வந்து, அடைந்திருக்கும் கோழியின் இரத்தத்தைக் குடிக்கிறது. அசைக்க முடியாத கம்பில் அந்த மூட்டுகளை எப்படிச் சுத்தம் செய்வது? கடைசியில் எல்லாவற்றையும் பிடுங்கி எரித்தேன்.

இப்போதைய கூடு ஆறடி நீளம், நான்கடி அகலம். ஒரு கோழிக்கு ஒன்பது அங்குலம் என்றால் பன்னிரண்டுக்கு ஒன்பது அடி வேண்டும். ஆகவே ஆறடிக் கம்புகள் இரண்டைப் போட்டிருக்கிறேன். கோடையில் அவை விலகி உட்கார அந்த மிச்ச இடம் உதவுகிறது. சுவருக்கும் கம்புக்கும் இடையில் ஓரடியும், இரு கம்புகளுக்கும் இடையில் அதற்குச் சற்றுக் கூடுதலாகவும் விட்டேன். இரண்டும் ஒரே உயரத்தில், தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கின்றன, ஏனென்றால் படிப்படியாக வைத்தால் மேல்கம்புக்கு நடக்கும் சண்டையைத் தினமும் நாம்தான் தீர்க்க வேண்டியிருக்கும். முட்டையிடும் பெட்டி கம்பைவிடத் தாழ்வாகவே இருக்க வேண்டும். இல்லையென்றால் கோழிகள் பெட்டியிலேயே அடைந்து அதை எச்சமாக்கிவிடும். வனராஜா போன்ற கனத்த கோழிகளானால் ஒன்றரை அடி உயரம் போதும், மேலிருந்து குதித்துக் குதித்தே அவற்றுக்கு உள்ளங்கால் வீங்கிப் புண்ணாகிறது.

கம்புக்கு இரண்டு அங்குல ரீப்பர் கட்டையின் மேல்விளிம்புகளை இழைத்து உருட்டிக்கொள்ளலாம். சவுக்குக் கம்பும் நல்லதே, ஆனால் பட்டையை முழுக்க உரித்துவிட வேண்டும். பிளாஸ்டிக் குழாய் வழுக்கும். இரு பக்கச் சுவரிலும் பள்ளம் வெட்டிய தாங்கு கட்டைகளைப் பொருத்தி, கம்பை அந்தப் பள்ளத்தில் வெறுமனே உட்காரவைத்தால் ஒரு கையால் தூக்கி வெளியே எடுத்துவிடலாம்.

கம்புக்குக் கீழே ஒரு பலகையில் பழைய பிளெக்ஸ் பேனரை விரித்து, அதன்மேல் சாம்பல் தூவிவைத்திருக்கிறேன். காலையில் கொத்தனார் கரணையால் ஒரு வழி வழித்தால் இரவு எச்சம் அப்படியே வந்துவிடும். ஐந்து நிமிட வேலை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். அந்த எச்சத்தை நேரே செடிக்குப் போட்டால் வேர் கருகும், எனவே காய்ந்த சருகோடு சேர்த்துக் குவித்து மக்கவிடுங்கள்.

மாதம் ஒருமுறை கம்புகளை வெளியே எடுத்து, கொதிக்கும் நீரை ஊற்றிச் சுரண்டி, நாள் முழுக்க வெயிலில் போட்டு, காய்ந்ததும் முனைகளிலும் தாங்கு கட்டைப் பள்ளங்களிலும் வேப்பெண்ணெய் தடவுகிறேன். செள்ளு தென்பட்டால் ஒருமுறையோடு விடக்கூடாது. அதன் முட்டைகள் பொரித்து வெளிவரும் என்பதால் ஒரு வாரத்தில் அதையே மறுபடியும் செய்ய வேண்டும். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கூட்டில் தெளித்துவிடாதீர்கள், மருந்து தேவைப்பட்டால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நான் தண்ணீரே ஊற்றுவதில்லை. ஈரம் காயாமல் கூடு நெடியடிக்கும் என்பதால் சுரண்டிச் சாம்பல் போடுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

புதுக் கம்பில் கோழிகள் தாமாக ஏறாவிட்டால், இருட்டிய பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கி அதன்மேல் உட்காரவைத்துவிடுங்கள். என் கோழிகள் நான்காம் நாளே பழகிவிட்டன. சேவல் மட்டும் இன்னும் முருங்கையில்தான் அடைகிறது.